பத்தாவது வரியில் ஒரு குட்டி

எனிட் டைசனுக்கு எதற்கெடுத்தாலும் பயம். ரோவன்டேல் பள்ளத்தாக்கில் இது ஊரறிந்த சங்கதி. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஆற்றங்கரைக்கு அழைத்துப் போனால், போகும்போது மூன்று தடவை, திரும்பும்போது மூன்று தடவை தலையெண்ணுவாள். பள்ளியில் இருப்பதே இருபத்து மூன்று பேர். காரைப் பூட்டிவிட்டு நாலடி நடந்து, திரும்பி வந்து கதவை இழுத்துப் பார்ப்பாள். அந்தக் காரைத் திருடுகிறவன் கூடவே தள்ளுவதற்கும் ஆள் கூட்டி வரவேண்டும். தொலைபேசி மணி அடித்தால் ஒரு கணம் நெஞ்சில் கைவைத்துக்கொண்டுதான் எடுப்பாள்.

"யாரும் சாகல, எடு" என்பான் அவள் கணவன் வில்ஃப், செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து.

ஆசிரியப் பயிற்சிக்காக இரண்டு வருஷம் நகரத்தில் இருந்தபோது, மாடிப் பேருந்தின் மேல்தளத்தில் ஒருநாள்கூட அவள் ஏறியதில்லை. படித்து முடித்த கையோடு ஊர் திரும்பினாள். வில்ஃப் கேட்டு ஆறு வருஷம் கழித்துத்தான் கல்யாணத்துக்குச் சரி என்றாள். அதையும் அவன் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பான். பிள்ளை பிறக்கவில்லை. முப்பது வருஷம் சின்ன வகுப்புப் பிள்ளைகளோடே போய்விட்டது. இப்படிப்பட்ட பெண்ணைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது என்று கேட்டால், இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம் மார்ச் மாதம் வரைக்கும் ஒன்றும் இல்லைதான்.

மார்ச் வந்தால் சின்ன வகுப்புக்குப் பெயர்ச்சொல் பாடம். பொதுப் பெயர் எது, சிறப்புப் பெயர் எது, எதற்கு முதலெழுத்தைப் பெரிய எழுத்தாகப் போடவேண்டும். புத்தகத்து விளக்கம் பண்ணைப் பிள்ளைகளின் மண்டையில் ஏறாது என்று முதல் வருஷமே எனிட்டுக்குத் தெரிந்துபோயிற்று. அவள் தனக்கென்று ஒரு வழி வைத்திருந்தாள்.

"பின்வாசல்ல நின்னு 'நாய்'னு கூப்பிட்டா யாரு வருவா?"

"எல்லா நாயும் வரும், மிஸ்."

"ஒண்ணும் வராது, மிஸ். எங்க நாய்க்குக் காது கேக்காது."

"சரி. 'ஜெஸ்'னு கூப்பிட்டா?"

"ஜெஸ் மட்டும் வரும்!"

"அப்ப பெரிய எழுத்து யாருக்கு?"

"ஜெஸ்ஸுக்கு!"

மலை என்பது பொது. ஜன்னலுக்கு வெளியே தெரிகிற க்ரே ஃபெல் சிறப்பு. மாதம் பொது, ஏப்ரல் சிறப்பு. ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒரு வாண்டு, "செம்மறி ஆட்டுக்கு, மிஸ்?" என்று கேட்டுவிடும். வகுப்பே சிரிக்கும். செம்மறிக்கு ஏது பெயர்? நாய்க்கு உண்டு, கறவை மாட்டுக்கு உண்டு, கண்காட்சியில் பரிசு வாங்கிய கிடாவுக்கு உண்டு. பெட்டை ஆட்டுக்கு இடுப்பில் ஒரு சாயப் பட்டை, காதில் ஒரு வெட்டு, அவ்வளவுதான். எந்தப் பண்ணை ஆடு என்று அது காட்டும். நாளைக்குச் சட்டிக்கு வரப்போகிற ஒன்றுக்குப் பெயர் வைத்துவிட்டு எவன் உட்கார்ந்து சாப்பிடுவான்?

ஒரே ஒரு விலக்கு உண்டு. தாய் செத்துப்போன குட்டி. அதை அடுப்பங்கரைக்குக் கொண்டுவந்து, பழைய போர்வையில் சுருட்டி, புட்டிப்பால் கொடுத்து வளர்ப்பார்கள். அதற்குப் பெயர் வைக்காமல் எந்தப் பிள்ளையாலும் இருக்க முடியாது. ஆகவே பெயருள்ள குட்டி என்றால் அடுப்படிக் குட்டி. ரோவன்டேலில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் இது தெரியும்.

இன்னொன்றும் தெரியும். மலைப் பண்ணைகளில் ஏப்ரல் பாதிக்கு முன்னால் ஒரு குட்டியும் பிறக்காது. புல் தழைக்க அவ்வளவு நாளாகும் என்பதால் கிடாவை நவம்பர் கடைசியில்தான் மந்தையில் விடுவார்கள். கடலோரச் சமவெளிக்காரர்கள் பிப்ரவரியிலேயே குட்டி எடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். அவர்கள் புல் வேறு.

அந்த வருஷம் சமவெளியில் குட்டிகள் பிறந்துகொண்டிருந்தபோதே கோமாரி வந்தது.

முதலில் ஒரு சந்தை, பிறகு ஒரு பண்ணை, பிறகு தினமும் பத்துப் பண்ணை. ஆட்டையோ மாட்டையோ ஓரடிகூட நகர்த்தக் கூடாது என்று அரசாங்கம் தடை போட்டது. ஒரு பண்ணையில் நோய் கண்டால் அங்கே இருப்பது அத்தனையும் சுடப்படும். சுவர் ஒட்டிய பக்கத்துப் பண்ணையிலும் சுட்டுவிடுவார்கள். பிணங்களை அடுக்கி எரித்தார்கள். மேல்காற்று அடித்த நாட்களில் அந்த வாடை மலையேறி ரோவன்டேல் வரைக்கும் வந்தது. துணி காயப்போட்டவர்கள் ஓடிப்போய் எடுத்தார்கள். கறி வாடைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாமல் எனிட் மூன்று வாரம் அடுப்பில் கறி வைக்கவில்லை.

நோய் காற்றில் வரும், சக்கரத்தில் வரும், செருப்பில் வரும், மூக்குக்குள் ஒளிந்துகொண்டும் வரும் என்றார்கள். எனிட்டைப் போன்றவளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பண்ணை வாசலில் மருந்துத் தண்ணீர் ஊற்றி நனைத்த வைக்கோலைப் பரப்பினாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கார்ச் சக்கரத்தைத் தேய்த்துக் கழுவி, கொட்டகையில் உடை மாற்றி, செருப்பை இரண்டு வாளியில் முக்கி எடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவாள்.

"ஆட்டுக்கு வருதோ இல்லையோ, உன் காலு புண்ணாகி நொண்டப் போறே" என்றான் வில்ஃப். ஆனால் அவனும் இரண்டு வாளியிலும் முக்கினான்.

அவனுக்கு முந்நூற்று நாற்பது பெட்டை ஆடுகள் இருந்தன. ஒன்றுக்கும் பெயர் கிடையாது. முகத்தைப் பார்த்தே ஒவ்வொன்றும் யாருடைய மகள், யாருடைய பேத்தி என்று சொல்லுவான். க்ரே ஃபெல்லில் வேலி கிடையாது. எந்தச் சரிவு நம்முடையது என்பதைத் தாய் ஆடு கூடவே நடத்திக் குட்டிக்குக் காட்டிக் கொடுக்கும். அந்தக் குட்டி தன் குட்டிக்குக் காட்டும். காசு கொடுத்து வெளியூர் ஆட்டை வாங்கி விட்டால் அது மலை தாண்டி எங்கேயோ போய்விடும். இந்த மந்தை போனால் போனதுதான். படுக்கப் போகும்போதும் எழும்போதும் எனிட் நினைத்துப் பயந்தது இது ஒன்றைத்தான்.

வில்ஃபின் பண்ணைக்கு ஹை ஃபோல்ட் என்று பெயர். கீழே, கல் சுவருக்கு அந்தப் பக்கம், லோ ஃபோல்ட். அங்கே இயன் ரெல்ஃபும் அவன் மனைவி ஜில்லும், ஏழு வயது மகள் கிர்ஸ்டியும் இருந்தார்கள். ஜில் சமவெளிப் பெண். அவள் அண்ணன் கீத் அங்கே மார்ஷ்கேட் என்ற பண்ணையை நடத்தினான். தடை வந்ததும் ரெல்ஃப் குடும்பம் பாதைக்குக் குறுக்கே கயிறு கட்டி, மகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்திக்கொண்டது. பாதை முனையில் ஒரு பழைய பால் கேனை வைத்தார்கள். அதில் எனிட் பாடத் தாளைப் போட்டுவிட்டுப் போவாள். எழுதி முடித்த தாளை ஜில் அதிலேயே வைத்துவிடுவாள். பள்ளத்தாக்கிலேயே ஜாக்கிரதையான ஏற்பாடு என்று எனிட் அதைப் பற்றிக் கொஞ்சம் பெருமைகூடப் பட்டாள்.

மார்ச் பத்தொன்பது, திங்கட்கிழமை. காலையிலிருந்து விடாத மழை. புதிதாக நோய் கண்ட பண்ணைகளின் பெயர்களை வானொலி வாசித்தது. அந்த நாட்களில் எல்லா வீட்டிலும் அந்த நேரத்தில் கரண்டிச் சத்தம்கூடக் கேட்காது. ஏழாவது பெயர் மார்ஷ்கேட்.

"ஜில்லோட அண்ணன்" என்றான் வில்ஃப். தேநீரைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்தான். "பாவம், கீத்."

எனிட்டும் பாவம் என்றுதான் நினைத்தாள். நாள் முழுவதும் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் வரும் வழியில் பால் கேனிலிருந்து கிர்ஸ்டியின் தாளை எடுத்தபோது, ஜில்லுக்கு இரண்டு வரி ஆறுதலாக எழுதிப் போடலாமா என்றுகூட யோசித்தாள். வீட்டுக்கு வந்து, சக்கரம் கழுவி, உடை மாற்றி, இரண்டு வாளியிலும் கால் முக்கி, அடுப்பங்கரை மேஜையில் ரொட்டிக்குப் பக்கத்தில் தாளை விரித்துவைத்துச் சிவப்புப் பேனாவைத் திறந்தாள்.

பெயர்ச்சொல் தாள். இடது பக்கம் பொதுப் பெயர் அச்சாகியிருக்கும். வலது பக்கம் பிள்ளை ஒரு சிறப்புப் பெயர் எழுதவேண்டும். ஆறு, மலை, ஊர், மாதம், நாய் என்று ஒன்பது வரிகள். கிர்ஸ்டி ஒன்பதும் சரியாக எழுதியிருந்தாள், பெரிய எழுத்தெல்லாம் போட்டு. பத்தாவது வரி மட்டும் இரண்டு பக்கமும் காலியாக விட்டிருக்கும். சொந்தமாக ஒன்று யோசித்து எழுதவேண்டும்.

இடது பக்கம் "குட்டி" என்று எழுதியிருந்தாள். வலது பக்கம், பெரிய எழுத்தோடு, "பிஸ்கட்".

கீழே சின்னதாக இன்னொரு வரி: "மூலையை இவன்தான் தின்னுட்டான். சாரி மிஸ்."

தாளின் கீழ்மூலை இல்லை. மென்ற ஓரம் இன்னும் ஈரமாக இருந்தது.

எனிட் சிரிக்கத்தான் வாயெடுத்தாள். பாதியில் சிரிப்பு நின்றது. லோ ஃபோல்டில் குட்டியா? மார்ச் மாதத்தில்? இன்னும் ஒரு மாதம் இருக்கிறதே. பெயர் வைத்திருக்கிறாள் என்றால் அடுப்படிக் குட்டி. அடுப்படிக் குட்டி என்றால் தாய் செத்த குட்டி. மலையில் இன்னும் ஓர் ஆடுகூட ஈனவில்லை. அப்படியானால் அந்தத் தாய் எங்கே செத்தது?

காலையில் கேட்ட ஏழாவது பெயர் காதுக்குள் திரும்ப ஒலித்தது.

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். அந்தக் குட்டியின் எச்சில் பட்ட தாள். அதைத் தன் பையில் வைத்து, தன் காரில் ஏற்றி, தன் கையாலேயே இந்த மேஜைக்குக் கொண்டுவந்திருக்கிறாள். மருந்து வைக்கோல், இரண்டு வாளி, மூன்று வாரச் சிரத்தை எல்லாவற்றையும் தாண்டி அது பத்திரமாக உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறது. கையை மருந்துத் தண்ணீரில் விட்டுத் தேய்த்தாள். மறுபடி தேய்த்தாள். தோல் சிவந்து எரிந்தது. நோய் மனிதருக்கு ஒன்றும் செய்யாது. மனிதர் சும்மா தூக்கிக்கொண்டு போவார்கள், அவ்வளவுதான். எனிட்டுக்குத் தன் கையைப் பார்க்கவே பயமாக இருந்தது.

ஜன்னலில் வில்ஃப் தெரிந்தான். மழைக்குக் குனிந்தபடி முற்றத்தில் வந்துகொண்டிருந்தான்.

"வில்ஃப்! உள்ள வராத!"

"ஏன், எலியா?"

"அங்கயே நில்லு. லோ ஃபோல்டுல ஒரு குட்டி இருக்கு."

"என்ன குட்டி? அவங்களுக்கு இன்னும் ஒரு மாசம்..." என்று தொடங்கியவன் நிறுத்திக்கொண்டான். தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டியது. "உனக்கு எப்படித் தெரியும்?"

"கிர்ஸ்டி எழுதியிருக்கா. பேரு வெச்சிருக்கா."

"மார்ஷ்கேட்டா?"

"வேற எங்கேருந்து வரும்?"

"அத வேற யாரு படிச்சா?"

"நான் மட்டுந்தான்."

"அப்ப அடுப்புல போடு."

"போட்டுட்டு?"

"போட்டுட்டு டீயப் போடு. நீ எதையும் படிக்கல. தாளு மழையில ஊறிப் போச்சு. அவ்வளவுதான்."

"வில்ஃப், இன்னிக்கு மத்தியானம் அவங்க ஆடெல்லாம் எங்க நின்னுச்சு?"

அவன் திரும்பிக் கல் சுவரைப் பார்த்தான். சுவரின் நடுவே ஓர் இடத்தில் கல் சரிந்து, கம்பிவலை வைத்து அடைத்திருந்தது. மழை நாளில் காற்றுக்கு ஒதுங்கி இரண்டு மந்தையும் அந்த மூலையில்தான் அண்டும், மூக்கோடு மூக்கு வைத்துக்கொண்டு.

"நம்மளதும் அங்கதான் நின்னுச்சு" என்றான். அவன் குரல் அப்படி இறங்கி அவள் கேட்டதில்லை. "எங்க தாத்தாவுக்குத் தாத்தா ஓட்டிட்டு வந்த மந்தை, எனிட். திரும்ப வாங்கி வுட முடியாது. உனக்கே தெரியும்."

"தெரியும்."

"குட்டிக்கு ஒண்ணும் இல்லாமலும் இருக்கலாம்ல?"

"இருக்கலாம். இருந்துட்டா?"

அவன் திரும்பி நடந்தான். கொட்டகைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

எனிட் தாளைப் பார்த்தாள். அடுப்பைப் பார்த்தாள். அடுப்பு ஓரடி தள்ளித்தான் இருந்தது. அவளுக்குப் போட ஆசையில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆசை இருந்தது. ஆனால் போட்டுவிட்டு நாளைக்கு எழுந்து என்ன செய்வாள்? ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஐந்து பண்ணை இருக்கிறது. அதற்கு மேலே வேலியே இல்லாத மலை, மலைக்கு அப்பால் அடுத்த பள்ளத்தாக்கு, அங்கேயும் மந்தைகள். தினமும் வானொலி முன்னால் உட்கார்ந்து, அடுத்த பெயர், அடுத்த பெயர் என்று கேட்டுக்கொண்டு, நமக்குத் தெரியும் என்று வாயை மூடிக்கொண்டு இருக்கவேண்டும். அந்தப் பயத்தை அவளால் ஒருநாள்கூடத் தாங்க முடியாது. தொலைபேசியை எடுத்தாள்.

ஜில்தான் எடுத்தாள். அழுது தொண்டை கட்டியிருந்தது.

"அண்ணன் வீட்டு விஷயம் கேள்விப்பட்டீங்களா எனிட்? நாளைக்குச் சுடறாங்களாம்."

"கேட்டேன்மா. ஜில், உங்க வீட்டுல பிஸ்கட்னு ஒரு குட்டி இருக்கா?"

மறுமுனையில், அடுப்பங்கரையில் ஒரு குட்டி மெல்லக் கத்துவது கேட்டது.

"அவ எழுதிட்டாளா?"

"எழுதிட்டா."

"ரெண்டு ஞாயித்துக்கிழம முன்னாடி போனேன். என் கோட்டுல சுத்திக் கார்ல கொண்டாந்தேன். ஆத்தா செத்துப்போச்சு அதுக்கு. ஸ்கூலு இல்ல, ஒருத்தரும் இல்ல, இந்தப் பொண்ணு ஜன்னலையே பாத்துட்டு உக்காந்திருந்தா. ஒரு குட்டிதானேன்னு... அப்ப அங்க ஒண்ணும் இல்ல எனிட், சத்தியமா ஒண்ணும் இல்ல."

"இப்ப எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. நல்லாத்தான் குடிக்குது. இன்னிக்குக் கொஞ்சம் சோர்வு."

எனிட் நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். "அது வெளிய போகுமா?"

"தோட்டத்துல விடுவா."

"தோட்டத்துக்கும் வயலுக்கும் நடுவுல?"

"ஒரு கேட்டு." ஜில் மூக்கை உறிஞ்சினாள். "நீங்க சொல்லப் போறீங்க, இல்ல? சொன்னா உங்களதும் போகும். தெரியும்தான?"

"தெரியும்."

"அப்புறம் ஏன்?"

"பயமா இருக்கு ஜில். வேற ஒண்ணும் இல்ல."

ஜில் கத்துவாள் என்று எனிட் எதிர்பார்த்தாள். கத்தவில்லை. மிகவும் மெதுவாக, பக்கத்தில் யாருக்கோ கேட்டுவிடக் கூடாது என்பதுபோலக் கேட்டாள்: "அவ எழுதினதாலதான்னு கிர்ஸ்டிக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்? ஏழு வயசு எனிட். அவங்கப்பன் மந்தை, உங்க மந்தை, எல்லாம் தன் பென்சிலாலதான்னு நெனச்சுட்டே வளருவாளா?"

இந்த ஒரு பயம் எனிட்டுக்கு அதுவரை தோன்றவில்லை. தோன்றியதும் மற்றதெல்லாம் சின்னதாகிப் போயிற்று.

"அவளுக்குத் தெரிய வராது" என்றாள். "வர்ற வழியில தோட்டத்துல குட்டியப் பாத்தேன்னு சொல்லிடறேன். தாளு வந்ததா யாருக்கும் தெரிய வேணாம். நீயும் சொல்லாத, இயன்கிட்டயும்."

தாளை அடுப்பில் போட்டாள். பிறகு நோயைத் தெரிவிக்க அரசாங்கம் கொடுத்திருந்த எண்ணுக்குக் கூப்பிட்டாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் ஒரே வாக்கியத்தை மூன்று தடவை சொன்னாள். எதிர்முனையில் இருந்தவருக்கு அதிலெல்லாம் அக்கறை இல்லை. பண்ணையின் பெயரை மட்டும் எழுத்து எழுத்தாகக் கேட்டு எழுதிக்கொண்டார்.

மறுநாள் லோ ஃபோல்டுக்குக் கால்நடை மருத்துவர் ஒரு பெண் வந்தாள். குட்டிக்குக் காய்ச்சல் இருந்தது, வாயில் ஒரு சின்னப் புண் இருந்தது. வேறு எதனாலும் வந்திருக்கலாம் என்றாள்; பரிசோதனைக்கு அனுப்பி முடிவு வரும்வரை காத்திருக்க உத்தரவு இல்லை என்றாள். வியாழக்கிழமை துப்பாக்கிக்காரர்கள் வந்தார்கள். வில்ஃப் மலையடிக்குப் போய் நின்று எப்போதும்போலக் கூப்பிட்டான். எப்போதும்போல எல்லாம் அவன் பின்னால் இறங்கி வந்தன. வயிற்றில் குட்டியோடு, மெதுவாக. எனிட் அடுப்பங்கரைக் கதவை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். வெடிச் சத்தம் கேட்டபோதும் எண்ணும் பழக்கம் அவளை விடவில்லை. நாற்பதுக்கு மேல் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டாள்.

அதன் பிறகு ஊர் அவளை விட்டு விலகியது. பயந்தாங்கொள்ளி என்று முப்பது வருஷம் செல்லமாகச் சிரித்தவர்களே, அடுத்தவன் தோட்டத்தை எட்டிப் பார்க்கிறவள் என்றார்கள். கடையில் நின்றுகொண்டிருந்தவர்கள் அவள் நுழைந்ததும் வானிலையைப் பற்றிப் பேசினார்கள். இயன் ரெல்ஃப் ரோட்டில் எதிர்ப்பட்டால் காரை நிறுத்தி, அவள் தாண்டிப் போகும்வரை முகத்தைத் திருப்பிக்கொள்வான். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஐந்து பண்ணைக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவர்களும் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. வில்ஃப் மட்டும் அவளை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. பேசுவதையே பாதியாகக் குறைத்துக்கொண்டான்.

மே மாதக் கடைசியில் அரசாங்கக் கடிதம் வந்தது. லோ ஃபோல்ட், ஹை ஃபோல்ட் இரண்டிலும் எடுத்த இரத்தத்தில் நோய் இல்லை. பிஸ்கட்டுக்கும் இல்லை.

வில்ஃப் இரண்டு தடவை படித்தான். கடிகாரத்துக்குப் பின்னால் செருகினான். "டீ போடறியா?" என்றான். எனிட் தண்ணீரைக் கொதிக்க வைத்தாள். அவள் கோப்பைக்கு வெளியே ஊற்றுவதை அவன் பார்த்துவிட்டு, எழுந்து வந்து கெட்டிலை வாங்கிக்கொண்டான்.

கிர்ஸ்டி ஜூன் மாதம் பள்ளிக்குத் திரும்பினாள். எனிட்டுக்கு முந்தின ராத்திரி தூக்கமே இல்லை. பெண் கொஞ்சம் உயர்ந்திருந்தாள், முன்பல் விழுந்திருந்தது. மற்றபடி அதே கிர்ஸ்டி. நாலு நாள் ஒன்றும் நடக்கவில்லை. எனிட் மெல்ல மூச்சு விட ஆரம்பித்தாள்.

ஐந்தாம் நாள் இடைவேளையில் எல்லாரும் வெளியே ஓடிய பிறகு, கிர்ஸ்டி மட்டும் மேஜையருகே வந்து நின்றாள்.

"என் பெயர்ச்சொல் தாள நீங்க திருத்தித் தரவே இல்ல, மிஸ்."

"அது... தொலைஞ்சு போச்சும்மா. மழையில."

"நீங்க தோட்டத்துல பிஸ்கட்டப் பாத்தீங்கன்னு அம்மா சொன்னாங்க."

"ஆமாம்மா. காரு ஓட்டிட்டு வரும்போது."

கிர்ஸ்டி மேஜை விளிம்பை நகத்தால் சுரண்டினாள்.

"அன்னிக்கு அவன் தோட்டத்துக்கே போகல, மிஸ். நாள் பூரா மழை. எங்கூட அடுப்பங்கரையிலயேதான் இருந்தான்."

முப்பது வருஷத்தில் எத்தனையோ பிள்ளைகளின் பொய்யை எனிட் கண்டுபிடித்திருக்கிறாள். பிடிபட்டால் எப்படி இருக்கும் என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இன்னொரு பொய் சொல்லலாம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியவில்லை.

"ஆமா" என்றாள். "தாள்லதான் படிச்சேன்."

"அவனுக்கு வியாதியே இல்லையாமே, மிஸ்."

"இல்ல. ஆனா அன்னிக்கு யாருக்கும் தெரியாது. நீ எழுதினதுல ஒரு தப்பும் இல்ல கிர்ஸ்டி. உங்கிட்ட கேட்டேன், நீ சரியா எழுதினே. சொன்னது நான். நான் பயந்துட்டேன்."

"எதுக்கு?"

"எல்லாத்துக்கும்."

கிர்ஸ்டி அதை யோசித்துப் பார்த்தாள். நியாயமான பதில் என்று அவளுக்குப் பட்டிருக்க வேண்டும். கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, எனிட்டின் பக்கம் நெருங்கி வந்தாள்.

"மிஸ், நான் கண்டுபிடிச்சது அம்மாவுக்குத் தெரிய வேணாம். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுத்தான் அம்மா தூங்கறாங்க. தெரிஞ்சா ரொம்ப பயந்துடுவாங்க. சொல்ல மாட்டீங்கல்ல?"

சொல்ல மாட்டேன் என்று எனிட் தலையை ஆட்டினாள்.

"பத்தாவதுக்கு மார்க் உண்டா, மிஸ்?"

"உண்டு. பத்துக்குப் பத்து."

கிர்ஸ்டி சரி என்று சொல்லிவிட்டு மழைக்கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு விளையாடப் போனாள். எனிட் ஜன்னலருகே போய் நின்று, வெளியே ஓடுகிற பிள்ளைகளை மூன்று தடவை எண்ணினாள். இருபத்து மூன்று பேரும் இருந்தார்கள்.